ஆண் மீன்களின் குளம்

ஓர்ஃபா டீகார்டனுக்கு இடது காது கேட்காது. சிறுமியாக இருந்தபோது அப்பா ஏமஸ் அறைந்த அறையில் போனது. பால் வாளியைக் கவிழ்த்துவிட்டாள் என்பது குற்றம். கவிழ்த்தவன் அண்ணன் ராய்ஸ். அவன் கொட்டகைக் கதவில் சாய்ந்து ஆப்பிள் தின்றபடி தங்கைக்கு விழும் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீகார்டன் வீட்டில் அடியும் சோறு மாதிரிதான், வேளை தவறாது. ஏமஸ் பெல்ட்டால் அடிப்பார், சேணத்து வாரால் அடிப்பார், கைக்கு ஒன்றும் அகப்படாவிட்டால் கையாலேயே அடிப்பார். அம்மா ஓர் இலையுதிர்காலத்தில் விச்சிட்டா நகரத்துக்குப் பேருந்து ஏறிப் போனவள் போனவள்தான். ராய்ஸ் அப்பா உயரத்துக்கு வளர்ந்ததும் இருவரும் ஒருநாள் சமையலறையில் கட்டிப் புரண்டார்கள். மேசைக் கால் முறிந்தது, ராய்ஸுக்கு முன்பற்கள் போயின. அந்த வாரமே அவன் டெக்சஸ் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஓடிப்போனான். அவன் பங்கு அடியும் சேர்ந்து ஓர்ஃபாவுக்கு விழுந்தது.

வயது வந்ததும் அவள் டவுனில் இருந்த பன்றி இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போனாள். கழுத்தறுக்கும் வரிசையில் நின்றாள். பெண்கள் யாரும் அங்கே நிற்பதில்லை. அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஆலைக் கத்தியைத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தபோது ஏமஸ் ஏதோ சொல்லிக் கையை ஓங்கினார். அவள் திரும்பினாள், அவ்வளவுதான். கத்தியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஓங்கிய கையை ஏமஸ் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளைத் தொடவில்லை. குடித்தார், நாயை உதைத்தார், குளத்தங்கரையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டினார்.

அந்தக் குளத்தில்தான் செத்தார். ஜூன் மாதம், நல்ல வெயில். குடித்துவிட்டு மடைக் குழாயைச் சரிபார்க்க இறங்கியவர் முழங்கால் ஆழத்தில் முகங்குப்புற விழுந்திருக்கிறார். வேலை முடிந்து வந்த ஓர்ஃபா முதலில் பார்த்தது அவருடைய பூட்ஸைத்தான். இறங்கிப் புரட்டினாள். காது மடலிலும் உதட்டிலும் சின்னச் சின்னதாய்க் கொத்தல் காயம். கையைப் பிடித்துத் தூக்கியபோது சுண்டுவிரலில் ஒரு மீன் தொங்கியது. தண்ணீருக்கு வெளியே வந்த பிறகும் அது விடவில்லை.

பச்சைச் சூரியமீன். உள்ளங்கை அளவு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய், கன்னத்தில் நெளிநெளியாய் நீலக் கோடுகள், துடுப்பு ஓரத்தில் மஞ்சள் கரை. ஆண். கிழவர் அதன் கூட்டின்மேல் விழுந்திருக்கிறார். சரளைக்கல்லில் அது வாலால் தோண்டிய குழி, குழிக்குள் முட்டை. காவல் காக்கும் ஆண் எதையும் கடிக்கும். ஆமையைக் கடிக்கும், மாட்டின் மூக்கைக் கடிக்கும்.

வேலிக்கு அப்பால் குடியிருந்த மைலோ ஹாஸ்கின், தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டு ஓடி வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சாலையோரம் தூண்டில் புழு விற்கும் சின்னக் கடையும், வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளமும் வைத்திருந்தார். ஓர்ஃபா முழங்கால் தண்ணீரில் நனைந்து நின்றாள். விரலிலிருந்து மீனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுல அந்தாளத் திருப்பிக் கடிச்ச மொதல் உசிரு இதுதான், மைலோ," என்றாள்.

மைலோ தொப்பியைக் கழற்றினார். செத்தவருக்காகவா மீனுக்காகவா என்பது அவருக்கே தெரியவில்லை. அவள் மீனை அதன் குழிக்குப் பக்கத்திலேயே விட்டாள். பிறகுதான் அப்பாவைக் கரைக்கு இழுத்தாள்.

அந்தப் பக்கத்தில் பச்சைச் சூரியமீனை யாரும் மதிப்பதில்லை. குளத்துக்குள் எப்படியோ வந்து சேரும். வந்தால் ஈசல் மாதிரிப் பெருகும். பெருகி, இருக்கிறதையெல்லாம் தின்று, விரல் நீளத்துக்கு மேல் வளராமல் கிடக்கும். குளம் வைத்திருப்பவர்கள் தண்ணீரை வடித்து, சேற்றில் துள்ளுவதை மண்வெட்டியால் அடித்துக் கொன்று, தூண்டில்காரர்கள் விரும்பும் பாஸ் மீன் குஞ்சு வாங்கி விடுவார்கள். ஓர்ஃபா வேறு மாதிரி யோசித்தாள். இது வளராதது பசியால், பசி கூட்டத்தால், கூட்டம் பெட்டையால். அப்படியானால் பெட்டை இருக்கக் கூடாது.

கம்பிவலைப் பொறி செய்து நாய்ச்சோறு வைத்துப் பிடித்தாள். தூண்டிலில் மண்புழு கோத்துப் பிடித்தாள். முட்டையிடும் பருவத்தில் ஒவ்வொரு மீனாய்க் கையில் எடுத்து வயிற்றை அழுத்துவாள். வெள்ளையாய்ப் பால் கசிந்தால் ஆண், தண்ணீருக்குப் போகும். மஞ்சள் முட்டை வந்தால் பெட்டை, வாளிக்குப் போகும். வாளி நிறைந்ததும் மரக்கட்டையில் வைத்துக் கத்தியால் துண்டு துண்டாய் நறுக்கிக் குளத்தில் வீசுவாள். தண்ணீர் கொதிக்கும். தன் பெட்டையையும் தன் குஞ்சையும் தின்றே அந்த ஆண்கள் பெருத்தன. தப்பிய குஞ்சுகளைத் தின்ன நாலைந்து பாஸ் மீனையும் விட்டு வைத்தாள். இரண்டு வருடத்தில் ஒரு சாண் நீளம், நாலு வருடத்தில் இரண்டு கையாலும் பிடிக்கவேண்டிய கனம். ஒன்றையொன்று கிழித்துக்கொண்டே வளர்ந்தன. பிடித்தால் ஒன்றுக்கு வால் இருக்காது, ஒன்றுக்குச் செவுள் மூடி பிய்ந்திருக்கும்.

"ஆம்பளைங்கள மட்டும் ஒரே எடத்துல அடைச்சு வச்சா அதுக்குப் பேரு குளம் இல்ல, ஜெயிலு," என்று மைலோ வேலிமேல் முழங்கையை வைத்துச் சொல்வார்.

"உன் குளத்து மீன் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போகுதாக்கும்."

"என் மீன் மரியாதையான மீனு. தூண்டிலப் போட்டா யோசிச்சுக் கடிக்கும்."

"யோசிச்சு யோசிச்சு வாலாட்டிட்டுப் போயிடும். நேத்துப் பூரா வெறுங்கையோடதான உக்காந்திருந்த, பாத்தேன்."

ஒரு கோடையில் கடிக்கும் ஆமை ஒன்று புகுந்து அவளுடைய மீன்களில் பாதியைக் கடித்துப் போட்டது. சலவைக் கூடை அளவு ஆமை. ஓர்ஃபா பன்றி ஈரலைக் கொக்கியில் மாட்டிப் பிடித்து, வாலைப் பற்றி இழுத்துவந்து கோடரியால் தலையை வெட்டினாள். வெட்டிய தலை புல்லில் கிடந்தபடி வாயைத் திறந்து மூடியது. குனிந்து பார்த்த மைலோவின் பூட்ஸ் நுனியைக் கவ்வியது. இடுக்கி வைத்துக் கழற்ற வேண்டியிருந்தது. ஆமையைச் சூப் வைத்து, சோள ரொட்டியோடு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவள் வாழ்க்கையில் அது நல்ல வருடம்.

அடுத்த வசந்தத்தில் ராய்ஸ் வந்தான்.

துருப்பிடித்த பிக்கப் வண்டி, வண்டிக்குப் பின்னால் கட்டிய அலுமினியப் படகு. மனைவி துரத்திவிட்டாள், வேலை போய்விட்டது, முதுகு வலி. வீட்டுக்குள் வந்தவன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, நேற்றுத்தான் எழுந்து போனவன் மாதிரி காலை நீட்டினான். அப்பாவின் தொண்டையே அவனுக்கும் இருந்தது. முதல் தடவை அவன் இருமியபோது ஓர்ஃபாவின் கை தானாக முகத்தை மறைக்க எழுந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான், சிரித்தான்.

அதற்கப்புறம் பேசுவதென்றால் அவளுடைய இடது பக்கம் வந்து நின்றுதான் பேசுவான். கேட்காது என்று தெரியும். பேசிவிட்டு, பதில் வராததற்குத் தோளில் குத்துவான்.

"செவிடி. உங்கிட்டதான் கேக்கறேன். அந்தக் குளத்துல என்ன குப்பைய வளக்கிற?"

"என் மீன்."

"நம்ம குளம்டி அது. பாதி எனக்கு. நல்ல பாஸ் மீன் விடப்போறேன். கான்சஸ் சிட்டிலேர்ந்து ஆளுங்க வருவாங்க, வாடகைக்குப் படகு குடுக்கலாம்."

"கொட்டகைக்கு அந்தாண்ட மேட்டு நெலம் கெடக்கு. அத எடுத்துக்க. குளத்துல கை வைக்காத."

"வச்சா?"

அவள் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து வந்து, அப்பா அடித்த அதே வீச்சில், புறங்கையால் அறைந்தான். கரண்டி சுவரில் போய் மோதியது. அவள் வாயில் ஊறிய ரத்தத்தைத் தொட்டியில் துப்பினாள், அடுப்பை அணைத்தாள், வெளியே போய்விட்டாள். குளத்தங்கரையில் உட்கார்ந்து மீன்கள் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனிடம் பயம் வரவில்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வேலியோரம் வந்த மைலோ அவள் உதட்டைப் பார்த்தார். "ஷெரிஃபுக்குப் போன் போடவா?"

"வேணாம்."

"எங்கிட்டத் துப்பாக்கி இருக்கு, ஓர்ஃபா."

"எங்கிட்டயும்தான் இருக்கு. அதனாலதான் வெளிய வந்து உக்காந்திருக்கேன்."

ஒரு வாரம் போனது. ராய்ஸ் தீவனக் கடைக்குப் போய் மீன்மருந்து ஒரு மூட்டை வாங்கிவந்து கொட்டகையில் வைத்தான். தண்ணீரில் கலந்தால் மீன் மூச்சுத் திணறிச் சாகும் தூள் அது; குளத்தைச் சுத்தம் செய்ய எல்லோரும் வாங்குவதுதான். அவள் ஆலைக்குப் போன ஒரு வியாழக்கிழமை படகைக் குளத்தில் இறக்கினான்.

அன்று ஆலையில் இயந்திரம் பழுதாகி எல்லோரையும் மதியமே அனுப்பிவிட்டார்கள். வண்டியை நிறுத்தும்போதே ஓர்ஃபாவுக்குத் தெரிந்துவிட்டது. குளத்தின் ஒரு ஓரம் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. ராய்ஸ் படகில் நின்று, மூட்டை வாயைத் துடுப்பால் கிழித்துத் தூவிக்கொண்டிருந்தான். அவள் மீன்கள் மேலே வந்திருந்தன. பெரியவை, அவள் ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்துப் பார்த்து வளர்த்தவை, வாயைப் பிளந்துகொண்டு, குடிகாரர்கள் மாதிரி வட்டமடித்தன. சில வயிற்றை வானத்துக்குக் காட்டிவிட்டிருந்தன.

"சீக்கிரமே வந்துட்டியா?" என்றான். "வந்து வேடிக்க பாரு."

ஆலை பூட்ஸோடு இறங்கினாள். மார்பளவு ஆழத்தில் படகின் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பு. அவன் துடுப்பை வீசினான். அவள் நெற்றியில் பட்டுத் தோல் பிளந்தது. இரண்டாவது இழுப்பில் படகு கவிழ்ந்தது.

தண்ணீருக்குள் அவன்தான் கனம். அவள் முடியைப் பிடித்து அமுக்கினான், முழங்காலால் முதுகில் ஏறினான். அவள் கசப்பான வெள்ளைத் தண்ணீரைக் குடித்தாள். கைக்கு அகப்பட்டது அவன் கை. வாயில் வைத்துக் கடித்தாள். ஆள்காட்டி விரலின் நடுக் கணு பல்லுக்கிடையில் நொறுங்கும்வரை விடவில்லை. அவன் அலறிப் பிடியைத் தளர்த்தியதும் எழுந்தாள். மிதந்த துடுப்பை எடுத்தாள். முதல் அடி தோளில், இரண்டாவது கழுத்தெலும்பில். சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அவன் வலது கை தொங்கிப்போனது.

"ஓர்ஃபா," என்றான். "ஓர்ஃபா, போதும்."

அவள் துடுப்பைப் போட்டுவிட்டு, அவன் பின்கழுத்தைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

இருபது வருடம் கழுத்தறுக்கும் வரிசையில் நின்றவள். ஓர் உயிர் எப்போது உதைக்கும், எப்போது உதைப்பது குறையும், எப்போது கால் மட்டும் விசுக் விசுக்கென்று இழுக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். ராய்ஸ் உதைத்தான். அவளுக்குள் கோபம் இல்லை, சத்தம் இல்லை, ஆலையில் இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கியது. உதைப்பது குறைந்தது.

அப்போது முழங்கையில் ஏதோ முட்டியது. குனிந்து பார்த்தாள். பெரிய ஆண் ஒன்று, இரண்டு பவுண்டை நெருங்கும். செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. மருந்து படாத மடைப் பக்கத்தில் ஏழெட்டு வளையமிட்டன. இன்னும் உயிர் இருக்கிறது. நல்ல தண்ணீரில் போட்டால் பிழைக்கும். போட இரண்டு கை வேண்டும், ஒரு கையில் ராய்ஸ் இருந்தான்.

இவனைக் கொன்று முடிக்க இப்போது நேரமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பிற்பாடு நீதிபதி முன்னாலும் அவள் அதைத்தான் சொன்னாள். மாற்றிச் சொல்ல வக்கீல் எவ்வளவோ கெஞ்சினார்.

சட்டைக் காலரைப் பிடித்து அவனைக் கரைக்கு இழுத்து, புல்லில் எறிந்து, வாந்தி எடுக்கட்டும் என்று வயிற்றில் ஒரு உதை உதைத்தாள். எடுத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாளியோடு ஓடினாள்.

மைலோ வேலி தாண்டி வந்தபோது அவள் குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் கிணற்றுக் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு கையிலும் மீன் வாளியோடு நின்றாள். முகமெல்லாம் ரத்தம்.

"அங்க ஒரு ஆளு கெடக்குறான்," என்றார் மைலோ.

"மூச்சு வருதா?"

"வருது. அழுவுறான்."

"அப்ப கெடக்கட்டும். வலைய எடு. மடைப் பக்கம் மொதல்ல."

மைலோ வலையை எடுத்தார். எழுபது வயதுக் கிழவர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூச்சு வாங்க, மீன் மீனாய் அள்ளிக் கொடுத்தார். நடுவில் ஒரு தடவை கரையேறிப் போய் ராய்ஸைப் பக்கவாட்டில் புரட்டிவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். அது கிறிஸ்தவக் கடமை என்றார். அவள் அடுத்த வாளியை நீட்டினாள்.

ஆம்புலன்ஸோடு வந்த துணை ஷெரிஃப் ட்ரீவா லண்ட், பள்ளியில் ஓர்ஃபாவுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். ஆம்புலன்ஸ் படுக்கையில் ஏற்றும்போது ராய்ஸ் நல்ல கையை நீட்டி, "என்னக் கொல்லப் பாத்தா," என்றான்.

"அப்படியா, மிஸ் டீகார்டன்?" என்று ட்ரீவா கேட்டாள்.

"ஆமா."

"பதில் சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் யோசிங்க."

"யோசிச்சுட்டேன். ஆமா. ட்ரீவா, அந்தக் குழாய மூடிராத, இன்னும் கொஞ்ச நேரம் ஓடணும்."

விலங்கை எடுத்த ட்ரீவா, தொட்டி நிரம்பி வழியும்வரை வண்டிமேல் சாய்ந்து காத்திருந்தாள்.

கோடை முழுக்க ஓர்ஃபா மாவட்ட ஜெயிலில் இருந்தாள். ராய்ஸின் விரலையும் கழுத்தெலும்பையும் கணக்கில் எடுத்த நீதிபதி, அவளுடைய நெற்றித் தையலையும் உடைந்த உதட்டையும் மைலோவின் சாட்சியத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு தண்டனையைக் குறைத்தார். ராய்ஸ் மேட்டு நிலத்தைத் தன் பங்காகப் பெற்று உடனே விற்றுவிட்டு, குளத்தின் மேல் உரிமையில்லை என்று கையெழுத்துப் போட்டான். அவளோடு ஒரு வேலியைப் பகிர்ந்துகொண்டு வாழத் தனக்குத் தைரியமில்லை என்று வக்கீலிடம் சொன்னானாம். ஆலை அவளை மறுபடி எடுக்கவில்லை. கத்தி வேலைக்கு அவளை வைக்கப் பயமாக இருக்கிறது என்றார்கள்.

ஜெயிலில் ஒரு பெண் அவள் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கினாள். ஓர்ஃபா அவளுடைய கையை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, மிச்சமிருந்த சோள ரொட்டியை நிதானமாகத் தின்று முடித்த பிறகு விட்டாள். அதற்கப்புறம் யாரும் பக்கத்தில் வரவில்லை. ஞாயிறுதோறும் மைலோ வந்தார்.

"எத்தன இருக்கு?" என்பாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"மருந்துல அஞ்சாறு போச்சு. மத்ததெல்லாம் பொழச்சுது. ஆனா ஓர்ஃபா, தொட்டி சின்னது. அதுங்களே ஒண்ண ஒண்ணு கொல்லுதுங்க. காலைல போனா ஒண்ணு மெதக்கும். கண்ணு இல்லாம, வயிறு கிழிஞ்சு. நான் பலகை வச்சுப் பிரிச்சுப் பாத்தேன், பலகைய முட்டித் தள்ளுதுங்க."

"பிரிக்காத. எது நிக்குதோ நிக்கட்டும்."

"நீ பேசுறது உங்கப்பா பேசுற மாதிரி இருக்கு," என்றார் மைலோ.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் கன்னத்தில் அறைந்த மாதிரிச் சிவந்துபோனது.

"உன் குளத்துல எடம் இருக்கா?" என்று கேட்டாள்.

"என் மரியாதையான மீனுங்கள என்ன பண்றது?"

"பிடிச்சு வறுத்துத் தின்னு. வேற வழியில்ல."

மைலோ முனகிக்கொண்டே போய், தன் சின்னக் குளத்தில் வலை போட்டு ஐந்து நாள் தன் மீன்களைப் பிடித்துச் சர்ச் விருந்துக்குக் கொடுத்துவிட்டு, தொட்டியில் மிஞ்சியிருந்த ஆண்களை அங்கே விட்டார். விடும்போது ஒன்று அவர் கட்டைவிரல் தோலை உரித்தது.

செப்டம்பரில் வெளியே வந்த ஓர்ஃபா முதல் வேலையாகத் தன் குளத்தை முழுக்க வடித்தாள். ஆமை, பாம்பு, செத்த மீன் முள், ராய்ஸின் ஒரு பூட்ஸ் எல்லாம் சேற்றில் கிடந்தன. மழைக்குப் பிறகு தண்ணீர் தெளிந்ததும், கரையோரம் கல்லும் பழைய மரக்கட்டையும் போட்டு, ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மீனுக்கும் ஓர் இடம் என்று பார்த்துப் பார்த்து அமைத்தாள். மைலோவின் குளத்திலிருந்து ஆண்களைத் திரும்பக் கொண்டுவந்தாள், எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாள். குளம் பெரிது, மீன் கொஞ்சம். சண்டை நிற்கவில்லை, கொலை குறைந்தது. சுற்றுப்பட்டில் குளம் வைத்திருந்தவர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். பெட்டை எது, ஆண் எது என்று வயிற்றை அழுத்திப் பிரித்துக் கொடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். அதுவே பிழைப்பானது.

மூன்றாவது வருடம், மே மாதக் காலை. ஓர்ஃபா கரையில் உட்கார்ந்து ஓடை இறாலைத் தூண்டிலில் கோத்துப் போட்டாள். நூல் விழுந்த உடனே கழி வளைந்தது. மரக்கட்டைக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. அவள் எழுந்து நின்று இழுக்க வேண்டியிருந்தது. கையில் வந்தபோது மைலோ தராசோடு ஓடி வந்தார். தராசு முள் இரண்டு பவுண்டைத் தாண்டி நின்றது.

"இந்த மாவட்டத்துல எவனும் இப்படிப் பாத்ததில்ல," என்றார். "பேப்பர்காரனக் கூப்பிடறேன். பாடம் பண்ணிச் சுவத்துல மாட்டலாம்."

அவள் மீனின் வாயிலிருந்து கொக்கியைக் கழற்றினாள். அது திரும்பி அவள் விரலைக் கவ்வியது. ரத்தம் வந்தது.

"சும்மா இரு," என்றாள் அதனிடம், கோபமில்லாமல். குனிந்து தண்ணீரில் கையை வைத்தாள். அது கொஞ்ச நேரம் விரலை விடாமலே கிடந்து, பிறகு விட்டுவிட்டுப் போனது.

"பேப்பர்காரன்கிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார் மைலோ, வெறும் தராசைப் பிடித்துக்கொண்டு.

"என்ன சொன்னாலும் நீ பொய் சொல்றேன்னுதான் சொல்லுவான்," என்றாள். "உள்ள வா. காப்பி போட்டிருக்கேன்."